காட்டாமணக்கு கற்றுத் தந்த விதைப் பாடம்
எரிபொருள் பயிர்களும் மரபுக் குறி முறையும் – வணிகர் அறிய வேண்டியவை



பெட்ரோலில் எத்தனால் கலப்பதற்கும் நம் மண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்ட காலம் போய்விட்டது. 2013-14-ல் பெட்ரோலில் சுமார் 1.5 சதவீதமாக இருந்த எத்தனால், 2025-ல் 20 சதவீதத்தை எட்டியது. இதன் பாதிப்பு முதலில் தெரிந்தது நம் கடை விலைப் பலகையில்தான். 2023 டிசம்பரில் சர்க்கரை இருப்பு குறையும் என்ற அச்சத்தில், கரும்புச் சாற்றிலிருந்து நேரடியாக எத்தனால் எடுப்பதை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. 2024 ஆகஸ்டில் அந்தத் தடை நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் எரிசாராய ஆலைகள் மக்காச்சோளத்தின் பக்கம் திரும்பின. நாமக்கல் கோழிப் பண்ணையாளர்கள் தீவனத்துக்குத் திண்டாடினார்கள். ஏற்றுமதி செய்துவந்த நம் நாடு 2024-ல் வெளியிலிருந்து மக்காச்சோளம் தருவித்தது.

ஆகவே, எரிபொருளுக்காக வளர்க்கப்படும் பயிர்கள் இனி நம் வியாபாரத்தின் ஒரு பகுதி. அந்தப் பயிர்களை மேம்படுத்த விஞ்ஞானிகள் இன்று அதிகம் நம்பியிருப்பது மரபுக் குறி என்ற முறையை. இதைப் பற்றி ஒரு வணிகர் தெரிந்துகொள்ள வேண்டிய அளவுக்கு, நமக்குப் பழக்கமான காட்டாமணக்கின் கதையை வைத்தே இங்கு விளக்குகிறேன்.

2003-ல் போட்ட கணக்கு

வேலி ஓரத்தில் ஆடு மாடு கடிக்காமல் நிற்கும் காட்டாமணக்கைத் தெரியாதவர் நம்மில் இல்லை. 2003-ல் மத்தியத் திட்டக் குழு அமைத்த உயிரி எரிபொருள் குழு, இந்தச் செடியைத் தரிசு நிலங்களில் பெருமளவில் பயிரிட்டு டீசலுக்கு மாற்று எடுக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. 2011-12-க்குள் டீசலில் 20 சதவீதம் கலக்க ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் பயிரிட வேண்டும் என்பது கணக்கு. ஹெக்டேருக்கு 2,500 செடி, செடிக்கு ஒன்றரைக் கிலோ விதை, ஆக 3.75 டன் விதை, அதில் சுமார் 1.2 டன் எண்ணெய். காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது.

அடுத்த சில ஆண்டுகளில் நம் ஊர்களிலும் முகவர்கள் வந்தார்கள். 'உயர் விளைச்சல் ரகம்', 'தேர்ந்தெடுத்த ரகம்' என்று ஆளுக்கொரு பெயர் சொல்லி விதையும் நாற்றும் விற்றார்கள். ஒப்பந்த முறையில் விவசாயிகள் நட்டார்கள். எண்ணெய் வித்து வியாபாரிகள் சிலர் விதை வாங்கவும் ஆலை வைக்கவும் முன்பணம் போட்டார்கள். இந்தியாவில் மட்டும் அல்ல, ஆப்பிரிக்காவிலும் சீனாவிலும் இதே வேகம் இருந்தது. 2008 டிசம்பரில் நியூசிலாந்து விமான நிறுவனம் காட்டாமணக்கு எண்ணெய் கலந்த எரிபொருளில் ஒரு விமானத்தைச் சோதனையாகப் பறக்கவிட்டது. நம் நாட்டிலும் 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டில்லிக்கு அப்படி ஒரு விமானம் பறந்தது. எண்ணெயின் தரத்தில் குறை இல்லை. குறை வயலில் இருந்தது.

செடிகள் சொன்ன அளவுக்குக் காய்க்கவில்லை. தமிழ்நாட்டுத் தோட்டங்களை நேரில் பார்த்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வு, விளைச்சல் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு, இப்போதைய நிலையில் இந்தப் பயிர் கட்டுபடியாகாது, தண்ணீர் வசதி இருந்தால்தான் ஏதாவது வாய்ப்பு உண்டு என்று சொன்னது. தரிசில் தானாக வளரும் என்று நம்பி நட்ட பயிருக்குத் தண்ணீர் கேட்டால் விவசாயி என்ன செய்வார்? பலர் பிடுங்கிப் போட்டார்கள். முன்பணம் போட்டவர்களின் பணம் முடங்கியது.

விலைக் கணக்கும் ஒத்து வரவில்லை. 2006 ஜனவரி முதல் பயோ டீசலை லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்குவதாக அரசு அறிவித்திருந்தது. எக்ஸ்பெல்லரில் ஒரு லிட்டர் எண்ணெய் எடுக்கச் சுமார் மூன்றரைக் கிலோ விதை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டக் கூலி, மருந்துச் செலவு, லாரி வாடகை எதுவுமே இல்லை என்றாலும் கிலோ விதைக்கு 7 ரூபாய் 14 காசுக்கு மேல் கொடுக்க முடியாது. செலவைக் கழித்தால் இன்னும் குறையும். காய்கள் ஒரே சமயத்தில் பழுக்காததால் ஆள் விட்டுப் பல தடவை பறிக்க வேண்டும். பறிகூலிக்கே அந்த விலை போதாது.

எண்ணெய் ஆலை நடத்துகிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். பல சமயங்களில் ஆதாயம் என்பது பிண்ணாக்கில்தான் நிற்கும். கடலைப் பிண்ணாக்கும் எள்ளுப் பிண்ணாக்கும் மாட்டுக்குப் போகின்றன. காட்டாமணக்குப் பிண்ணாக்கில் போர்பால் எஸ்டர் என்ற நஞ்சு இருக்கிறது. வறுத்தாலும் வேகவைத்தாலும் அது முழுதாகப் போகாது. ஆகவே அந்தப் பிண்ணாக்கை உரக் குழிக்கோ சாண எரிவாயுக் கலனுக்கோதான் அனுப்ப முடிந்தது. தீவன விலை கிடைக்கவில்லை.

எங்கே பிழை?

மண் சரியில்லை, மழை சரியில்லை, பராமரிப்பு போதவில்லை என்று பல காரணங்கள் சொன்னார்கள். அவற்றிலும் உண்மை உண்டு. ஆனால் அடிப்படையான காரணம் விதைக்குள் இருந்தது. அதை வெளியே கொண்டுவந்தது மரபுக் குறிச் சோதனை.

ஒவ்வொரு உயிரின் அணுவுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. நான்கு எழுத்துக்களை மட்டும் கொண்டு எழுதிய மிகப் பெரிய பேரேடு என்று அதைச் சொல்லலாம். செடியின் உயரம், காய்ப்பு, எண்ணெய், நஞ்சு எல்லாம் அதில் எழுதப்பட்டவை. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு செடிகளின் பேரேடுகளை ஒப்பிட்டால் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும். சில இடங்களில் மட்டும் எழுத்து மாறியிருக்கும். அப்படி மாறியிருக்கிற, சோதனையில் எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடிய இடத்துக்குத்தான் மரபுக் குறி என்று பெயர். ஒரு சிறு இலைத் துண்டு இருந்தால் ஆய்வுக்கூடத்தில் இதைப் பார்த்துவிடலாம்.

இதை மரபணு மாற்றுப் பயிருடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2002-ல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியில் வேறோர் உயிரின் மரபணுவை உள்ளே சேர்த்தார்கள். மரபுக் குறி முறையில் எதையும் சேர்ப்பதில்லை. உள்ளே இருப்பதைப் படித்துப் பார்த்து, வழக்கமான ஒட்டு முறைக்கு எந்தச் செடியை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்கிறார்கள். அவ்வளவுதான்.

2007-ல் ஐதராபாத்தில் உள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி இயக்ககத்தைச் சேர்ந்தவர்கள், இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய 42 காட்டாமணக்கு வகைகளையும், மெக்சிகோவிலிருந்து வந்த நஞ்சில்லா வகை ஒன்றையும் இப்படிச் சோதித்தார்கள். நம் நாட்டு வகைகளுக்குள் வேறுபாடு அதிகம் இல்லை, மெக்சிகோ வகை மட்டும் தனித்து நிற்கிறது என்று தெரிந்தது. 2008-ல் சீனாவில் 58 வகைகளைச் சோதித்தவர்களுக்கும் ஏறக்குறைய இதே விடைதான் கிடைத்தது. பிறகு பல நாட்டு வகைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோதும், ஆசியா, ஆப்பிரிக்கா வகைகள் ஒன்றுக்கொன்று நெருங்கியவை, மெக்சிகோ, குவாதமாலா பகுதியில்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது என்பது உறுதியானது.

காரணம் ஒரு பழைய வாணிபக் கதை. காட்டாமணக்கு நம் மண்ணுக்குரிய செடி அல்ல. மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிதான் அதன் தாய்நிலம். போர்த்துகீசியக் கப்பல்காரர்கள் அதை ஆப்பிரிக்காவின் மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகள் வழியாக ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் கொண்டுவந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கப்பலில் வந்தது கொஞ்சம் விதை. அதிலிருந்தே கிளையை ஒடித்து நட்டு நட்டு வேலியாகப் பெருக்கினோம். கோடிக் கணக்கில் செடி இருந்தாலும் மூல முதல் ஒன்றே.

இப்போது முகவர்கள் விற்ற 'உயர் விளைச்சல் ரகங்களை' நினைத்துப் பாருங்கள். வேறுபாடே குறைவான ஒரு கூட்டத்தில், நன்றாகக் காய்த்த மரத்தைக் காட்டி அதன் விதையைத் தனி ரகம் என்று விற்றார்கள். அந்த மரம் நன்றாகக் காய்த்தது கிணற்றடியில் நின்றதாலும் வயதானதாலும் இருக்கலாம். அதன் விதையைக் கரட்டு நிலத்தில் நட்டால் மற்றதைப் போலத்தான் காய்க்கும். ஒரே மூட்டை அரிசியை நான்கு பைகளில் போட்டு நான்கு விலைச் சீட்டு ஒட்டினால் தரம் நான்காகிவிடுமா?

முளையிலேயே அறியும் வழி

'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்கிறோம். மரபுக் குறி முறையின் நோக்கமும் இதுதான். காட்டாமணக்கு நல்ல மகசூலுக்கு வர மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆகும். அதுவரை காத்திருந்துதான் நல்லது கெட்டது பார்ப்பது என்றால், நான்கைந்து தலைமுறை ஒட்டுக் கட்டவே ஒருவரின் ஆயுள் போய்விடும். நாற்று இரண்டு இலை விட்டதும் சோதித்து வேண்டியதை வைத்துக்கொண்டால் நிலம், தண்ணீர், கூலி, காலம் எல்லாம் மிச்சம்.

ஆனால் குறி என்பது குணம் அல்ல. குறியைப் பார்த்துக் குணம் எப்படித் தெரியும்? ஒரு லாரிச் சரக்கைப் பல கடைகளுக்குப் பிரித்து இறக்குவதை எண்ணிக்கொள்ளுங்கள். அடுத்தடுத்து அடுக்கிய மூட்டைகள் பெரும்பாலும் ஒரே கடையில் இறங்கும். கேபின் ஓரத்தில் இருந்ததும் பின் கதவோரம் இருந்ததும் வேறு வேறு கடைக்குப் போகலாம். டி.என்.ஏ. இழையும் தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் துண்டு துண்டாகத்தான் பிள்ளைக்கு வருகிறது. அருகருகே உள்ளவை சேர்ந்தே வரும். நஞ்சைத் தீர்மானிக்கும் மரபணுவுக்குப் பக்கத்தில் ஒரு குறி இருந்தால், அந்தக் குறி உள்ள நாற்றில் அந்த மரபணுவும் இருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நம்பகம்.

எந்தக் குறி எந்தக் குணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு இரண்டு மாறுபட்ட செடிகளை ஒட்டுக் கட்டி, நூற்றுக் கணக்கில் பிள்ளைச் செடிகளை வளர்ப்பார்கள். ஒவ்வொன்றின் இலையையும் சோதித்து ஒரு கணக்கு, ஒவ்வொன்றின் காய்ப்பையும் எண்ணெயையும் அளந்து இன்னொரு கணக்கு. இரண்டையும் வரிக்கு வரி சரிபார்த்தால், எந்தக் குறி வரும்போதெல்லாம் எந்தக் குணம் சேர்ந்து வருகிறது என்பது தெரிந்துவிடும். இந்தக் கள அளவீடு இல்லாமல் வெறும் இலைச் சோதனையால் பயன் இல்லை.

காட்டாமணக்கில் இந்த வேலை நடந்தது. ஜப்பானில் உள்ள கசுசா டி.என்.ஏ. ஆராய்ச்சி நிலையத்தார் அதன் டி.என்.ஏ. வரிசையைப் படித்து வெளியிட்டார்கள். 2011-ல் சிங்கப்பூர் விஞ்ஞானிகள், காட்டாமணக்கையும் நம் வீட்டுத் தோட்டங்களில் சிவப்புப் பூவுக்காக வளர்க்கும் அதன் உறவினச் செடியையும் ஒட்டிய சந்ததியில் எண்ணெய் அளவோடு தொடர்புள்ள இடங்களைக் கண்டார்கள். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலும் இந்த இரண்டையும் ஒட்டிக் கலப்பினங்கள் உண்டாக்கினார்கள்.

2013-ல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டதுதான் நமக்கு முக்கியமானது. மெக்சிகோவில் சில பகுதி மக்கள் விதையை வறுத்துத் தின்னும் நஞ்சில்லாக் காட்டாமணக்கு உண்டு என்று முன்பே தெரியும். அந்த வகையையும் நஞ்சுள்ள வகையையும் ஒட்டிப் பார்த்து, போர்பால் எஸ்டர் நஞ்சு உண்டாவதைத் தீர்மானிப்பது டி.என்.ஏ.வின் ஒரே ஓர் இடம் என்று கண்டறிந்தார்கள். பல மரபணுக்கள் சேர்ந்து செய்வதாக இருந்தால் பிரித்தெடுப்பது கடினம். ஒரே இடம் என்பதால் குறி வைத்துத் தேர்ந்தெடுப்பது எளிது. நஞ்சு இல்லாத பிண்ணாக்கு கிடைத்தால் தீவனமாகப் பயன்பட வழி பிறக்கும். அப்போது கணக்கே வேறு. எண்ணெய் விலையை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

ஆனால் இதெல்லாம் வந்தது, இலட்சக் கணக்கான ஏக்கரில் நட்டு முடித்த பிறகு. முதலில் விதையைச் சோதித்து, பிறகு ரகத்தை உருவாக்கி, அதன் பின் பயிரிட்டிருக்க வேண்டும். நடந்தது தலைகீழ்.

கரும்பு காட்டும் வழி

முறையாகச் செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு எடுத்துக்காட்டு நம் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. 1912-ல் அங்கு தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பரும் டி.எஸ். வெங்கடராமனும் இனிப்புக் கரும்பை ஆற்றோர நாணலுடன் ஒட்டினார்கள். அதில் பிறந்த கோ 205 ரகம் 1918-ல் வெளிவந்தது. இனிப்பு ஒரு பக்கத்திலிருந்து, வலிமை மறு பக்கத்திலிருந்து. அன்று மரபுக் குறி கிடையாது. கண்ணும் பொறுமையும்தான் கருவி. ஆனால் கையில் வேறுபாடு இருந்தது. இன்றும் அந்த நிலையத்தார் கேரளத்தில் கண்ணூரில் உலகக் கரும்பு வகைகளின் பெருந்தொகுப்பு ஒன்றைப் பாதுகாக்கிறார்கள். அந்த முதல் இருப்பதால்தான் வட்டி வருகிறது.

கரும்பின் டி.என்.ஏ. மிகச் சிக்கலானது. காட்டாமணக்கில் 22 குரோமோசோம் என்றால், கரும்பில் நூற்றுக்கும் மேல். ரீயூனியன் தீவில் உருவான ஆர் 570 என்ற ரகத்தின் முழு வரிசையும் 2024-ல்தான் வெளியாயிற்று. அதற்கு முன்பே, அதே ரகத்தில் பழுப்புத் துரு நோயைத் தாங்கும் 'புரூ 1' என்ற இடத்தைக் கண்டுபிடித்து, அதற்கான குறியைப் பல நாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் நாற்றுத் தேர்வில் பயன்படுத்துகின்றன. அமெரிக்காவின் லூசியானாவிலும் பிரேசிலிலும், நாணலின் பங்கை இன்னும் கூட்டி, சர்க்கரை குறைந்தாலும் நாரும் எடையும் மிகுந்த எரிசக்திக் கரும்பை உருவாக்கி வருகிறார்கள்.

கரும்பிலும் எச்சரிக்கை உண்டு. 2009-ல் வெளியான கோ 0238 ரகம் விளைச்சலிலும் சர்க்கரைக் கட்டுமானத்திலும் சிறந்து விளங்கியதால், உத்தரப் பிரதேசத்தில் கரும்புப் பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. பிறகு செவ்வழுகல் நோய் அந்த ரகத்தைத் தாக்கியபோது வயலும் ஆலையும் ஒன்றாக அடிபட்டன. ரகம் நல்லது என்பதற்காக எல்லாப் பணத்தையும் ஒரே சரக்கில் முடக்கலாமா?

இந்த முறையால் முடியாதது

மரபுக் குறியை மந்திரக்கோல் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நஞ்சு போல ஓரிடத்தால் தீர்மானமாகும் குணத்துக்கு அது கூர்மையான கருவி. மகசூல் அப்படி அல்ல. அது பல மரபணுக்களின் கூட்டு வேலை. ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. ஆயிரக் கணக்கான குறிகளை ஒன்றாகக் கணக்கிட்டு மதிப்பிடும் முறை வந்திருக்கிறது என்றாலும், அது மதிப்பீடே தவிர உத்தரவாதம் அல்ல. மண்ணும் நீரும் தம் பங்கை எப்போதும் கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இருப்பில் வேறுபாடு இல்லை என்றால் எந்தக் குறியாலும் பயன் இல்லை. தரம் பிரிக்கச் சல்லடை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், மூட்டையில் இருப்பதைத்தானே அது பிரித்துக் கொடுக்கும்?

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

நேப்பியர் புல், புங்கன், மூங்கில் என்று எரிபொருள் பயிர்களின் பெயரால் திட்டங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. நல்ல திட்டங்களும் அவற்றில் இருக்கும். விதை விற்பனைக்கோ, கொள்முதலுக்கோ, ஆலைக்கோ நம்மிடம் முதலீடு கேட்டு வருகிறவரிடம் பின்வருவனவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

1. இந்த ரகத்தை உருவாக்கியவர் யார்? எந்தப் பல்கலைக்கழகம் அல்லது ஆராய்ச்சி நிலையம் அதை வெளியிட்டது? சான்று விதை என்றால் நீல அட்டை எங்கே? 'எங்கள் பண்ணையில் நன்றாகக் காய்த்தது' என்பது பதில் ஆகாது.

2. மற்ற ரகங்களிலிருந்து இது வேறுபட்டது என்பதற்கு டி.என்.ஏ. சோதனைச் சான்று உண்டா? 2001-ன் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா?

3. எத்தனை ஊர்களில், எத்தனை ஆண்டு, எந்த மண்ணில், எவ்வளவு தண்ணீரில் சோதித்தார்கள்? நம் மாவட்டம் அதில் உண்டா? பாசன நிலத்து மகசூலைச் சொல்லி மானாவாரிக்கு விற்கிறார்களா?

4. முதன்மைப் பொருளை எடுத்த பிறகு மிஞ்சுவது என்ன? பிண்ணாக்கோ, சக்கையோ, அதை யார் வாங்குவார்? அதில் நஞ்சு உண்டா?

5. கொள்முதல் விலை எழுத்தில் இருக்கிறதா? அந்த விலையில் விவசாயியின் பறிகூலி தேறுமா? அவருக்குத் தேறவில்லை என்றால் நமக்குச் சரக்கு வராது.

மிளகாயோ, மல்லியோ, பருப்போ, மூட்டையில் ஊசி குத்திச் சாம்பிள் எடுத்துப் பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. மேல் மூட்டையை மட்டும் பார்த்து லாரியை இறக்குவதும் இல்லை. மரபுக் குறிச் சோதனை என்பது விதைக்கு உள்ளே எடுக்கும் சாம்பிள். அதைச் செய்ய ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன, படித்தவர்கள் இருக்கிறார்கள். செய்தீர்களா என்று கேட்கும் பொறுப்பு பணம் போடுகிற நம்முடையது. அந்தக் கேள்வியை நாம் கேட்டால் நம் முதல் மட்டும் அல்ல, நம்மை நம்பி நிலத்தை ஒதுக்குகிற விவசாயியின் நான்கைந்து ஆண்டு உழைப்பும் காப்பாற்றப்படும்.